துருக்கியரின் ஓநாய்த் தாய்

ரோமாபுரியை நிறுவிய ரோமுலஸ் ஓநாயிடம் பாலருந்தி வளர்ந்த கதையை வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறோம். ஓநாயைத் தம் குலத்தின் தாயாகவே போற்றிய மக்களும் உண்டு. 6-ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் புல்வெளியில் பேரரசு கண்ட கோக்துருக்கியரே அவர்கள்.

இக்கதையை எழுதி வைத்தவர்கள் சீனர்கள். கி.பி. 636-இல் முடிக்கப்பெற்ற 'சோவ் வரலாறு' கூறுவதாவது: பகைவர் படையெடுத்து வந்து அக்குலத்தாரை அடியோடு அழித்தனர். பத்து வயதுச் சிறுவன் ஒருவனே எஞ்சினான். அவனைக் கொல்லப் போர்வீரருக்கு மனம் வரவில்லையாம். அவர்களுடைய இரக்கத்தைப் பாருங்கள்! பாதங்களை வெட்டிச் சதுப்பு நிலத்தில் எறிந்துவிட்டுப் போயினர்.

பெண் ஓநாய் ஒன்று இறைச்சி கொணர்ந்து ஊட்டி அவனைக் காப்பாற்றியது. வளர்ந்தபின் அவனுக்கு மனைவியுமாயிற்று. அவன் உயிரோடிருப்பதை அறிந்த பகையரசன் மீண்டும் ஆளனுப்பிக் கொல்வித்தான். கருவுற்றிருந்த ஓநாயோ தப்பியோடி, துர்பான் பகுதிக்கு வடக்கேயுள்ள மலைக்குகையில் ஒளிந்து பத்து ஆண்மக்களை ஈன்றது. அவர்களுள் ஒருவரின் குலப்பெயரே அஷினா. அதுவே பின்னாளில் அரச குலமாயிற்று.

அரச குலம் என்றாலும், அல்தாய் மலையில் ரூரான் என்ற ஆளும் இனத்தாருக்கு இரும்புக் கொல்லர்களாகவே அவர்கள் உழைத்து வந்தனர். அவர்தம் தலைவன் பூமின் ரூரான் மன்னனிடம் பெண் கேட்டபோது, கொல்லு வேலை செய்யும் அடிமைக்கு இத்துணைத் துணிவா என்று இகழப்பட்டான். கி.பி. 552-இல் ரூரான் படையை முறியடித்து, பூமினே ககான் எனப் பட்டமேற்றான். துருக்கியக் கொடிக்கம்பத்தின் உச்சியில் பொன்னாலான ஓநாய்த்தலை விளங்கியது. மெய்க்காவலருக்கும் ஓநாய் என்பதே பெயர்.

ஆயினும் ஒன்று எங்களை வியக்க வைக்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் துருக்கியரே தம் மொழியில் பொறித்த ஓர்கான் கல்வெட்டுகள் இத்தாயைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தந்தையின் படை ஓநாய் போன்றது, பகைவர் ஆடு போன்றோர் என்ற உவமையில் மட்டுமே ஓநாய் வருகிறது.

1927-இல் துருக்கிக் குடியரசு வெளியிட்ட முதல் பணத்தாள்களில் ஓநாய் இடம்பெற்றது. அங்கே பெண் குழந்தைகளுக்கு அசேனா என்றும் பெயரிடுகிறார்கள். ஓநாய்த் தாயின் பெயர் அது என்பது அவர்கள் எண்ணம். அது அஷினா என்னும் மகன்வழிக் குலப்பெயரிலிருந்து பிற்காலத்தார் தாய்க்குச் சூட்டிய பெயர். பழைய சீன நூலில் அவளுக்குப் பெயரே இல்லை.