பாதரசத்தைக் காட்டிக்கொடுக்கும் விளக்கு

குடிநீரில் பாதரசம் கலந்திருந்தால் நிறம் மாறுமா, வாடை வருமா என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். நிறமும் மாறாது, வாடையும் வராது. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயப்படி லிட்டருக்கு 0.001 மில்லிகிராமுக்கு மேல் பாதரசம் இருக்கக்கூடாது. இவ்வளவு சொற்பத்தை ஒளியை வைத்துத்தான் பிடிக்கிறார்கள்.

சூடேற்றிய தனிமம் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளி உமிழும் என்பது பள்ளிப் பாடம். மெல்போர்னில் பணியாற்றிய ஆலன் வால்ஷ், 1952இல் இதை மறுபக்கத்திலிருந்து யோசித்தார். உமிழ்வதை விட்டுவிட்டு, அணு விழுங்கும் ஒளியை அளந்தால் என்ன? அப்படி வந்ததுதான் ஆய்வகங்களில் ஏ.ஏ.எஸ். என்று சொல்லும் கருவி.

அதில் எனக்கு அலுக்கவே அலுக்காதது விளக்குதான். ஈயத்தைத் தேட ஈயம் வைத்த விளக்கு வேண்டும். காட்மியத்துக்குக் காட்மிய விளக்கு. அக்கா வீணை வாசிக்கும்போது, சுவரோரம் சாத்திய தம்புராவில் அதே சுருதிக்குச் சேர்த்த தந்தி மட்டும் தானாக அதிரும். அணுவும் தன் இனத்து ஒளிக்குத்தான் அசைகிறது.

மற்ற உலோகங்களை அணுக்களாகப் பிரிக்கச் சுவாலையோ உலையோ வேண்டும். பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். அமிலத்தில் பக்குவப்படுத்திய நீரில் ஸ்டானஸ் குளோரைடு சேர்த்தால் பாதரசம் உலோகமாகத் திரும்பும். குமிழ் குமிழாகக் காற்றைச் செலுத்தினால் அது ஆவியாகக் குழாய்க்குள் போகும். குழாயின் ஒரு முனையில் பாதரச விளக்கு, மறுமுனையில் உணரி. 253.7 நானோமீட்டர் ஒளி எவ்வளவு மங்குகிறதோ அதை வைத்துப் பாதரசத்தின் அளவைக் கணக்கிடலாம். வீட்டுச் சுத்திகரிப்பானில் இருக்கும் யு.வி. குழலும் பெரும்பாலும் பாதரச விளக்குதான். அதுவும் இதே ஒளியைத்தான் தருகிறது. கிருமியைக் கொல்லும், பாதரசத்தை அகற்றாது.

ஈய விளக்குக்குப் பாதரசம் தெரியாது. எதைத் தேடச் சொன்னோமோ அதைத்தான் கருவி தேடும். குடிநீர்ப் பரிசோதனை என்றால் உப்பு, கடினத்தன்மை, கிருமி என்று பார்த்து ‘குடிக்க உகந்தது’ என முத்திரை குத்திவிடுகிறோம். தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கிணற்றுக்கும் அதே படிவம்தானா? அங்கே என்ன உலோகம் புழங்குகிறது என்று விசாரித்து, அதன் பெயரைப் படிவத்தில் எழுத வேண்டாமா?

கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980களிலிருந்து இயங்கியது. பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி பழைய இரும்புக் கடையில் கிடப்பதை 2001இல் ஊர்க்காரர்களும் சூழல் அமைப்பினரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள், ஆலை மூடப்பட்டது. அந்த மலையின் பாசியையும் ஏரி மீனையும் ஐதராபாத் ஆய்வகம் ஒன்று சோதித்துப் பாதரசத்தை உறுதிசெய்தது அதற்குப் பிறகுதான்.