பழகின லாட்ஜ்தான், ஆனால்...

கும்பகோணம் பக்கம் கோயில்களுக்குப் போனால் நாங்கள் தங்குவது ஒரே லாட்ஜில்தான். 2016 மகாமகக் கூட்டமெல்லாம் அடங்கின பிறகு முதல் தடவை போனோம். வெள்ளை வெளேரென்று விரிப்பு, பாசி பிடிக்காத வாளி, கீழே சாப்பாட்டு ஹாலில் பித்தளை டபராவில் நுரை பொங்கக் காபி. என் மாமியாருக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப் போயிற்று.

சென்ற மாதம் போனபோது ரூமுக்குள் நுழைந்ததுமே சந்தேகம் தட்டிற்று. தலையணை உறையில் யாரோ தடவின தலைமுடி எண்ணெய் வாடை. மெத்தையின் மூலையைத் தூக்கித் தையலைப் பார்த்தேன். சின்னச் சின்னதாய்க் கறுப்புப் புள்ளிகள். மூட்டைப்பூச்சி குடியிருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம். எந்த ஊர் லாட்ஜானாலும் பெட்டியைத் தரையில் வைப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள்.

பெரிய ஏமாற்றம் பூரியில். கறுத்துப் போய், கையில் பிசுபிசுவென்று ஒட்டிற்று. வாயில் வைத்தால் காறல். மாமியாருக்கு அன்று ராத்திரி பூராவும் நெஞ்செரிச்சல். ஒரே எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சினால் உடம்புக்கு ஆகாத பொருள்கள் அதில் சேர்ந்துகொண்டே போகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கவே கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. நம்மால் அளந்து பார்க்க முடியாது, வாஸ்தவம். ஆனால் நிறம் கறுத்து, கெட்டியாகி, வாணலியில் நுரை தள்ளிப் புகைகிற எண்ணெயை நமக்குத் தெரியாதா என்ன!

பில்லில் சர்வீஸ் சார்ஜ் வேறு! ஓட்டல்காரர்கள் இதைத் தாமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லியாயிற்று. டில்லி ஹைகோர்ட்டும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்க மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். நான் அந்த எண்ணைச் சொன்னவுடனேயே கல்லாவில் இருந்த பிள்ளையாண்டான் மறுபேச்சில்லாமல் அடித்துக் கொடுத்தான்.

"ஏம்ப்பா, முன்னே இப்படி இல்லையே?" என்று கேட்டேன்.

"கிச்சனை லீஸுக்கு விட்டாச்சும்மா. பழைய மாஸ்டர் போயிட்டார்" என்றான்.

லீஸுக்கு எடுத்தவர் போட்ட பணத்தை எண்ணெயில்தானே பிடிப்பார்!

விரிப்பை மாற்றிக் கொடுத்தார்கள். எண்ணெய் விஷயத்துக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. பங்குனியில் மறுபடி போக வேண்டியிருக்கிறது. மாமியாருக்கு அதே லாட்ஜ்தான் வேண்டுமாம். ரூம் சொல்வதற்கு முன்னால், கிச்சனில் இப்போது யார் என்று போன் பண்ணிக் கேட்கும்படி என் வீட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.