மீனுக்கு வயசு என்ன?



குஞ்சு உற்பத்திக்குத் தாய் மீன் வாங்கப் போகிறீர்கள். விற்பவர், "மூணு வயசுங்க, நல்ல பருவம்" என்கிறார். எதை வைத்து நம்புவது? மாட்டுக்குப் பல்லைப் பார்க்கிறோம். மீனுக்கு எடையைப் பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். நெருக்கமாக விட்ட குளத்தில் தீனி போதாத ரோகு இரண்டு வருஷமானாலும் அரைக் கிலோவில் நிற்கும். நல்ல தீனி கண்டது ஒரே வருஷத்தில் ஒரு கிலோவை எட்டும். பருவத்துக்கு வராத மீனுக்கு ஹார்மோன் ஊசி போட்டால் மருந்தும் வீண், அந்த வருஷத்துக் குஞ்சும் போச்சு.

தலைக்குள் இருக்கும் காதுக்கல்லில் வயசு தெரியும். ஆனால் அதை எடுக்க மீனைக் கொல்ல வேண்டும். தாய் மீனை அறுத்துப் பார்த்து என்ன லாபம்? உயிரோடு பார்க்கச் செதில் இருக்கிறது.

மீன் வளர வளரச் செதிலும் விளிம்பில் மெல்லிய கோடு கோடாகப் பெருக்கும். வளர்ச்சி வேகமானால் கோடுகள் விலகி விழும், மந்தமானால் நெருங்கி விழும். நெருங்கிய இடம் ஒரு வளையம் போலத் தெரியும்.

மீனை ஈரத்துணியில் கிடத்திக் கண்ணை மூடுங்கள். முதுகுத் துடுப்புக்குக் கீழே, பக்கக் கோட்டுக்கு மேலே, ஐந்தாறு செதிலை இடுக்கியால் வால் பக்கமாக இழுங்கள். ஒன்று போதாதா என்பீர்கள். உதிர்ந்து மறுபடி முளைத்த செதிலாக இருந்தால் நடுவில் கோடே இராது, அது உதவாது. வழவழப்புப் போகக் கழுவி, இரண்டு கண்ணாடித் துண்டுக்கு நடுவே வைத்துப் பூதக்கண்ணாடியில் எண்ணுங்கள். கெளுத்திக்குத்தான் செதில் கிடையாதே! கையில் குத்துமே, அந்தத் துடுப்பு முள்ளில் ஒன்றை வெட்டி, மெல்லிய சீவலாக்கிப் பார்ப்பார்கள். அது ஆய்வுக்கூட வேலை.

ஜெர்மனியில் ஹோஃப்பாவர் என்பவர் 1898-இலேயே கெண்டைச் செதிலை வைத்து வயசு சொன்னார். அங்கே குளிர்காலத்தில் வளர்ச்சி நின்றுபோவதால் வருஷத்துக்கு ஒரு வளையம். நம் பக்கத்தில் கோடையில் குளம் வற்றினாலும், மீன் முட்டையிட்டாலும், பட்டினி கிடந்தாலும் வளையம் விழும். கிழட்டு மீனிலோ விளிம்பு வளையங்கள் ஒட்டிப்போய் வயசைக் குறைத்துக் காட்டும். ஆகவே எண்ணிக்கையை அப்படியே வருஷமாகக் கொள்ளாதீர்கள். சில மீனுக்கு அடையாள வில்லை கட்டி விட்டு, அடுத்த வருஷம் அதே மாதம் மறுபக்கத்துச் செதிலை எடுத்துப் பாருங்கள். ஒரு வளையம் கூடியிருந்தால் உங்கள் குளத்துக் கணக்கு சரி.

செதிலைக் காகித உறையில் போட்டு, தேதி, நீளம், எடை எழுதி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும்.