பழைய சீட்டு எங்கே?

காய்ச்சலுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் இதயத்தைப் பற்றியும் ஒரு துப்பு இருக்கிறது. நியூட்ரோஃபில் என்று போட்டிருக்கும் எண்ணை லிம்ஃபோசைட் எண்ணால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் வெள்ளணு வகைகள். தனி ஊசி கிடையாது, தனிக் காசும் கிடையாது. நல்ல உடம்பில் விடை பெரும்பாலும் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும்.

ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருக்கும். அங்கே போய்ச் சேரும் நியூட்ரோஃபில்கள் கக்கும் நொதிகள் அதன் மேல்மூடியை அரிக்கின்றன. மூடி கிழிந்தால் ரத்தம் உறையும், குழாய் அடைபடும். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது சுரக்கும் கார்டிசோல் வேறு, லிம்ஃபோசைட்டைக் குறைத்துவிடும். ஒன்று ஏற, மற்றது இறங்க, விகிதம் எகிறுகிறது. ஐந்து பெரிய மருந்துச் சோதனைகளில் சேர்ந்திருந்த சுமார் 60 ஆயிரம் பேரின் கணக்கை 2021-ல் ஒன்றாகப் பார்த்தார்கள். விகிதம் கூடியவர்களிடம் மாரடைப்பும் சாவும் கூடியிருந்தன. அந்தச் சோதனைகளில் ஒன்றில் போட்ட கனகினுமாப் ஊசி கொழுப்பைத் தொடுவதே இல்லை, அழற்சியை மட்டும் அடக்கும். அது மாரடைப்பையும் குறைத்தது, இந்த விகிதத்தையும் இறக்கியது.

அழற்சியை அடக்குவதில் நமக்கு நெருக்கமான மருந்தும் உண்டு. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரிடும் செங்காந்தளில் இருந்து எடுக்கும் கால்சிசின், 2023-ல் அமெரிக்காவில் இதய நோய்க்கு அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டே வந்த ஒரு பெரிய சோதனையில், மாரடைப்பு வந்தவர்களுக்கு அதனால் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிழங்கைத் தோண்டித் தின்றால் உயிர் போகும், அது வேறு.

இனி பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள திருப்பாலைவனத்துக்கு வருவோம். பழவேற்காடு ஏரியில் வலை இழுக்கிறவர் கையைத் திருப்பிப் பாருங்கள். கெளுத்தி முள் ஏறிய விரல், நண்டுக் கொடுக்கு பிடித்த தழும்பு, சிப்பி அறுத்து உப்புத் தண்ணீரில் ஊறி ஆறாத குதிகால். 'பாடு' என்ற சுழற்சி ஏற்பாட்டில் தங்கள் முறை வந்த நாளில்தான் ஏரியில் வலை போட முடியும் என்பதால், காய்ச்சலோடும் இறங்குவார்கள். அப்புறம்தான் லேப். சீட்டில் நியூட்ரோஃபில் 74, லிம்ஃபோசைட் 18. வகுத்தால் நான்கைத் தாண்டுகிறது. இது இதயமா, கெளுத்தி முள்ளா? புண், காய்ச்சல், பீடி, மூச்சிரைப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு மாத்திரை, ராத்திரி முழுக்க இழுத்த வலை எல்லாமே இதே எண்ணை ஏற்றும்.

ஒற்றைச் சீட்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே ஆள் புண்ணும் காய்ச்சலும் இல்லாத நாளில் எங்கே நின்றார் என்று தெரிய வேண்டும். என் கவலையெல்லாம் இங்கேதான்.

"போன தடவை எடுத்த சீட்டு இருக்கா அண்ணே?"

"வலைப்பையிலதான் வச்சிருந்தேன்மா. நனைஞ்சு போச்சு."

நனையாமல் தப்பினாலும் நிலைக்காது. பல லேப்களில் தருவது பஸ் டிக்கெட் போல வழவழப்பான வெப்பக் காகிதம். சூட்டில் சில மாதங்களிலேயே எழுத்து வெளுத்துவிடும். சின்ன லேப் இயந்திரங்களில் இன்னொரு தொல்லை: வெள்ளணுவை மூன்றாக மட்டுமே பிரிக்கும். 'கிரான்' என்று அது அச்சிடுவதில் நியூட்ரோஃபிலோடு மற்றவையும் கலந்திருக்கும். வேறு லேபின் ஐந்து பிரிவுச் சீட்டோடு அதை ஒப்பிட்டால் கணக்கு பிசகும். பெரிய மருத்துவமனைக்குப் போனவர்கள் எக்ஸ்ரேயைப் பத்திரமாகத் தூக்கிவருகிறார்கள். இந்தச் சின்னச் சீட்டை யாரும் மதிப்பதில்லை.

ஈசிஜியும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் இருக்க இந்த வகுத்தல் எதற்கு, இதை வைத்து யாரும் மருந்து எழுதுவதில்லையே என்று இதய மருத்துவர்கள் கேட்பார்கள். நெஞ்சு வலி வந்தவருக்கு அது நியாயம்தான். அவர் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் போக வேண்டும். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகள் கிடைக்கும். நான் பேசுவது வலிக்கு முந்தைய வருடங்களைப் பற்றி.

2021-லிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டு வாசலிலேயே பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள். ரத்தம் எடுத்த தேதி, அந்த இரண்டு எண்கள், அன்றைக்குக் காய்ச்சலோ புண்ணோ இருந்ததா என்று ஒரு சொல்: அவர்கள் இவ்வளவு எழுதினால் போதும். பிரஷர் எழுதும் நோட்டிலேயே இதற்கு இடம் இருக்கிறது, பேனாவால் எழுதினால் வெளுக்கவும் செய்யாது.