ஊதாத துருத்தி

கொல்லன் உலையில் துருத்தியைப் பார்த்திருப்பீர்கள். தோற்பையை விரித்தால் தடுக்கிதழ் திறந்து காற்று உள்ளே புகும். அமுக்கினால் இதழ் மூடிக்கொள்ள, காற்று குழாய்வழியே கரியின்மேல் பாயும். ஆக்சிஜன் கூடக்கூடத் தணல் கனன்று இரும்பு இளகும். ஆர்மோனியத்தின் முதுகில் அசைவதும் துருத்தியே. (திருப்பூந்துருத்தி என்னும் ஊர்ப்பெயரிலோ இச்சொல்லுக்கு ஆற்றிடைத் தீவு என்று பொருள்!)

கவரைப்பேட்டையை அடுத்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை போன்ற இடங்களுக்கு வேறொரு துருத்தி வேண்டும். நீராவி செல்லும் 10 மீட்டர் எஃகுக் குழாயின் வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். இரு முனைகளும் இறுகப் பிணைக்கப்பட்டிருந்தால்? குழாய் வளையும், இணைப்பு பிளந்து, சீறும் நீராவி அருகில் நிற்பவரை வேகவைத்துவிடும். எனவே நடுவில் மெல்லிய துருப்பிடிக்காத எஃகாலான மடிப்புத் துருத்தியைப் பொருத்துகிறார்கள். குழாய் நீளும்போது இது சுருங்கிக்கொடுக்கும். பலமுறை வளைந்தால் உலோகமும் களைத்து விரிசல் விடும். ஆகவே எத்தனை முறை தாங்கும் என்று கணக்கிட்டே செய்கிறார்கள்.