"ஒன்றுமில்லை" என்னும் சொல்

நோய்க்கு அஞ்சி நிற்கும் குடும்பத்துக்கு, "ஒன்றுமில்லை" என்று மருத்துவர் சொல்வதைவிட இனிய சொல் வேறில்லை. ஆனால் நன்கு தேடிக் காணாமற் சொல்லும் "இல்லை" ஒன்று; சரியாகத் தேடாமற் சொல்லும் "இல்லை" மற்றொன்று. கேட்போர் செவிக்கு இரண்டும் ஒன்றே. உயிருக்கோ இரண்டும் ஒன்றல்ல.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் திடீரெனத் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரில் அடினோமா எனப்படும் சிறு சதைமுளை தோன்றுகிறது. அது வலியோ வேறு குறியோ காட்டாமல் பல ஆண்டுகள் இருக்கும். அத்தகைய முளைகளுள் சில பின்னர் புற்றாக மாறுகின்றன. முளையாக இருக்கும்போதே கண்டு நீக்கினால் நோயையே தடுத்துவிடலாம். கொலனோஸ்கோபி எனும் குழாய்ச் சோதனையின் சிறப்பு இதுவே. காணும் கருவியைக் கொண்டே முளையைக் களையவும் இயலுகிறது.

ஆயினும் கருவி தானாகக் காண்பதில்லை. குழாயைப் பெருங்குடலின் தொடக்கம்வரை செலுத்திய பின்னர், அதனை மெல்ல வெளியே இழுக்கையில்தான் மருத்துவர் சுவரை உற்று ஆராய்கிறார். குடலோ மடிப்புகள் நிறைந்தது. முறத்து அரிசியில் விரைந்தோடும் கைக்குக் கல் அகப்படாதவாறே, விரையும் கண்ணுக்கு முளையும் அகப்படாது.

அமெரிக்காவின் ராக்ஃபோர்டு நகரில் 12 மருத்துவர்கள் செய்த சோதனைகளைப் பற்றிய ஆய்வு 2006-ல் வெளிவந்தது. குழாயை வெளியே இழுக்கச் சராசரியாக 6 நிமிடமேனும் எடுத்துக்கொண்டவர்கள் 28.3 விழுக்காட்டினரிடம் முளைகளைக் கண்டனர். விரைந்து முடித்தவர்களோ 11.8 விழுக்காட்டினரிடமே கண்டனர்.

போலந்து நாட்டில் 186 மருத்துவர்கள் 45,026 பேரைச் சோதித்த விவரம் 2010-ல் வெளிவந்தது. சோதித்தோருள் 20 விழுக்காட்டுக்கும் குறைவானவரிடமே அடினோமா கண்ட மருத்துவர்களிடம் சென்றவர்களுக்கு, அடுத்த சோதனைக்கு முன்பே புற்றுநோய் வெளிப்படும் இடர் பன்மடங்காயிருந்தது. 2014-ல் வந்த கலிபோர்னியா ஆய்வும், கண்டறியும் அளவு 1 விழுக்காடு உயருந்தோறும் இந்நோயின் இடர் 3 விழுக்காடு குறைவதாகக் காட்டியது. அமெரிக்க மருத்துவ சங்கங்கள் 2024-ல் வகுத்த அளவுகோலின்படி, கண்டறியும் அளவு 35 விழுக்காடேனும், இழுக்கும் நேரம் சராசரியாக 8 நிமிடமேனும் இருத்தல் வேண்டும்.

இதில் நம் பங்கும் உண்டு. குடல் தூய்மையாக இல்லையேல் வல்லவர் கண்ணுக்கும் முளை மறைந்துவிடும். பேதி மருந்தில் ஒரு பகுதியை முன்னிரவிலும் மறுபகுதியைச் சோதனை நாட்காலையிலும் அருந்துவது நல்ல பயன் தரும். மருத்துவர் குறித்த வேளையில், குறித்த அளவை முழுதும் அருந்துக. "குடல் தூய்மையாக இருந்ததா? குழாய் இறுதிவரை சென்றதா? தாங்கள் முளை கண்டறியும் அளவு எவ்வளவு?" எனப் பணிவுடன் கேட்பதில் தவறில்லை. நல்ல மருத்துவர் சினங்கொள்ளார்.

இன்னுமொன்று. முன்னர் "ஒன்றுமில்லை" என்று கேட்டவர்க்கும், மலத்தில் குருதியோ, காரணமற்ற இளைப்போ, மலங்கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாறுதலோ தோன்றினால், பழைய சொல்லை நம்பி வாளாவிருத்தலாகாது. மீண்டும் மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.