பூட்டிய அறையின் குப்பை

தமிழகக் கிராம ஊராட்சிகளில் வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலர்களுக்கு ஒரு கணக்கு உண்டு: 150 வீட்டுக்கு ஒருவர். வீட்டுக்கு நான்கைந்து பேர், கொல்லையில் எருக்குழி என்றிருந்த காலத்துக்கு அது சரி. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் தொழிற்பேட்டைகளின் பக்கத்து ஊர்களில் இன்று வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் லைன் வீட்டு அறை. ஆறு பேர், எட்டுப் பேர் சேர்ந்து தங்குவார்கள். ஒடிசாக்காரரும் இருப்பார், விருதுநகர்க்காரரும் இருப்பார். கணக்கில் கதவு ஒன்றுதான். குப்பையோ இரண்டு குடும்பத்துக்கானது.

காவலர் வண்டி வருவது காலையில். முதல் ஷிப்ட்காரர்கள் அதற்குள் கம்பெனி பஸ் ஏறியிருப்பார்கள். நைட் ஷிப்ட் முடித்தவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அதனால் குப்பைப் பை ராத்திரியில் பக்கத்துக் காலி மனைக்குப் போகிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சுத்தம் தெரியாது என்று திட்டுவது சுலபம். நேரம் ஒத்துவரவில்லை என்பதுதான் உண்மை.

காலி மனையில் நாறுகிற சோற்றுக்கு எலியும் ஈயும் வரும். நாறாத குப்பை அதைவிடச் சிக்கலானது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையை அதிகம் நாடாது. பிரியாணி டப்பா, டீ கப், இளநீர்க் கூடு, பழைய டயர் இவற்றில் தேங்கும் மழைநீர்தான் அதற்குப் பிடிக்கும். பாட்டில் மூடியளவு தண்ணீர்கூடப் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள். தண்ணீர் வற்றிவிட்டால் முட்டை சாவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழையில் பொரியும். புகை மருந்து பறக்கிற கொசுவைத்தான் கொல்லும், முட்டையை ஒன்றும் செய்யாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே மனையைச் சுத்தம்செய்யச் சொல்வது இதனால்தான். இன்னொன்று, இது பகலில் கடிக்கும் கொசு. பகலில் தூங்கும் நைட் ஷிப்ட்காரருக்குத்தான் கொசுவலை முதலில் வேண்டும்.

சிலர் கொளுத்திவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கோடு பிவிசி ஒயரும் கலந்து எரிந்தால் டையாக்சின் போன்ற நஞ்சு புகையில் கலக்கும். ஒற்றை ஜன்னல் அறைக்குள் அது சுலபமாக நுழையும். எரியாமல் மிஞ்சியதை மழை ஏரிக்கு இழுத்துப்போகும். ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகிறது. சென்னை அதைக் குடிக்கிறது.

குப்பையைப் பொறுப்பானவர் கையில் எடுத்த ஊரும் உண்டு. வெளியூர்த் தொழிலாளிகளால் வளர்ந்த சூரத் நகரத்தில் 1994 செப்டம்பரில் பிளேக் பீதி கிளம்பியபோது லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டே ஓடினார்கள். மறுவருடம் மாநகராட்சி ஆணையராக வந்த எஸ்.ஆர். ராவ் குப்பை அள்ளுவதைத்தான் முதல் வேலையாக எடுத்துக்கொண்டார். அதிகாரிகளைத் தினமும் தெருவில் இறக்கினார்.

இங்கே யாரைக் கேட்பது? 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. ஆளுக்கு 300 கிராம் என்று வைத்தாலும் தினம் ஐந்தரை டன் குப்பை. ஆனாலும் விடுதிக்கு நிர்வாகம் உண்டு. சோற்றுக் குப்பையைத் தனியே எருவாக்கு, நாப்கினைத் தாளில் சுற்றித் தனிக் கூடையில் போடவை என்று ஒருவரைப் பிடித்துச் சொல்லலாம். லைன் வீட்டுக்கு அப்படி யாரும் இல்லை. தினம் 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடத்தை 2016-ன் திடக்கழிவு விதிகள் பெருமளவு குப்பை உருவாக்குபவர் என்று வகைப்படுத்தின. ஆளுக்கு 300 கிராம் என்ற அதே கணக்கில் பார்த்தால் 350 பேர் தங்கும் மேன்ஷன் அந்த வரம்பைத் தாண்டிவிடும். நூறு அறையை நூறு வீடாகப் பிரித்துக் காட்டினால் யாரும் தாண்டமாட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் உரிமையாளர் குப்பைக்கும் தலைக்கணக்குதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

அறை தேடுகிறவர் அட்வான்ஸ் கொடுக்குமுன் தண்ணீர், கரண்ட் பற்றி விசாரிப்பதோடு இதையும் கேட்கலாம்: சோற்றுக் குப்பைக்கும் பிளாஸ்டிக்குக்கும் தனித்தனி டிரம் இருக்கிறதா, சாயங்காலத்தில் அதை எடுக்க ஆள் வருகிறாரா, அவருக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?